கெட்டிக்காரருக்கும் அண்ணாவியார் வேண்டும்

ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஆறினால் இன்னொன்று ஊற்றிக்கொள்வோம். பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் ஓர் இளம் விரிவுரையாளர் நல்ல ஆசிரியராக, நல்ல ஆய்வாளராக எப்படி உருவாகிறார் என்றுதான் பார்க்கப்போகிறோம். படித்த பிள்ளை, தானாக உருவாகிவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் வந்தாறுமூலை. 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி, அங்கிருந்த மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1 முதல் அது கிழக்குப் பல்கலைக்கழகம். அங்கே முதல் வகுப்பில் சித்தியடைந்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். முதலில் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைக்கும். வெற்றிடம் வந்து நேர்முகத்திலும் தேறினால் தகுதிகாண் விரிவுரையாளர். வேலை கையில் வந்துவிட்டது, ஆனால் இன்னும் உறுதியாகவில்லை. உறுதியாக வேண்டுமானால் குறித்த ஆண்டுகளுக்குள் முதுநிலைப் பட்டம் ஒன்றை எடுக்க வேண்டும். உயர்கல்வியில் கற்பிப்பது பற்றிய சான்றிதழ்ப் பயிற்சியையும் முடிக்க வேண்டும்.

இதுவரை சட்டத்தில் உள்ளது. சட்டத்தில் இல்லாதது நிறைய. நேற்றுவரை அந்தப் பிள்ளை வேறு யாரோ கேட்ட கேள்விக்கு விடை எழுதியது. இனிக் கேள்வியையே அது தேட வேண்டும். எந்த ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்புவது, திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது, முன்பின் தெரியாத வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது, பீடத்தில் தலையில் கட்டுகிற குழு வேலைகளில் எதை ஏற்பது, எதை மரியாதையாக மறுப்பது? இவற்றை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தருவதில்லை. தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் தெரியவரும். இல்லாவிட்டால் நாலைந்து வருடம் வீணான பிறகு தெரியவரும்.

இங்கேதான் வழிகாட்டி என்று ஒருவர் தேவைப்படுகிறார். இங்கேதான் எல்லாருக்கும் வருகிற அந்தப் பிழையான எண்ணமும் இருக்கிறது: வழிகாட்டி என்பவர் தடுமாறுகிறவருக்கு. கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதற்கு? ‘பெஸ்ட் கிளாஸ் எடுத்த ஆளுக்கு ஆர் போய்ச் சொல்லிக் குடுக்கிற?’ என்று துறையில் கேட்பார்கள். அந்தப் பிள்ளையும் அப்படியே நினைக்கும். உதவி கேட்டால் நம்மைக் குறைவாக மதிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கும்.

இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை மட்டக்களப்பாருக்குச் சொல்ல வேறு ஊர் உதாரணம் தேவையில்லை. கூத்துக் களரிக்கே போவோம். கூத்தைப் பழக்குகிற ஆசானான அண்ணாவியார் குரலையும் உடலையும் பார்த்து ஆளுக்கேற்ற பாத்திரம் தருவார். பிறகு பாத்திரத்துக்குரிய பாட்டைக் கையளிக்கிற சட்டம் கொடுத்தல், மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், கடைசியில் அரங்கேற்றம். கர்ணனாக ஆட வருகிறவன் ஊரிலேயே நல்ல ஆட்டக்காரன். அவனுக்கு அண்ணாவியார் தேவையில்லை என்று எந்தக் களரியிலும் யாரும் சொன்னதில்லை. அவனிடம்தான் அதிகம் எதிர்பார்க்கிறார்கள், ஆகவே அவனோடுதான் அவர் அதிக நேரம் செலவழிப்பார். அரங்கேற்ற இரவிலும் மத்தளத்தோடு களரியிலேயே நிற்பார். ஆடுவது மட்டும் பிள்ளைதான்.

இனி ஓர் உண்மைக் கதை. பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சு. வித்தியானந்தன் தெல்லிப்பழையைச் சேர்ந்தவர். பத்துப்பாட்டை ஆய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவருடைய படிப்புக்கும் மட்டக்களப்புக் கூத்துக்கும் நேரான தொடர்பு கிடையாது. பேராதனையில் நாடகாசிரியர் சரத்சந்திரவின் ‘மனமே’ நாடகம் 1956இல் சிங்கள அரங்கையே புரட்டிப் போட்டிருந்த காலம் அது. தமிழிலும் அப்படி ஒன்று ஏன் முடியாது என்று வித்தியானந்தன் யோசித்தார். விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவர்களை ஆடவைத்து, 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேற்றினார். அடுத்த சில ஆண்டுகளில் ‘இராவணேசன்’ வந்தது. அதில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. 1943இல் மட்டக்களப்பில் பிறந்து, பின்னாளில் பல்கலைக்கழகம் முளைத்த அதே வந்தாறுமூலைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

இதில் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிப்போம். ஆட்டத்தை வித்தியானந்தன் பழக்கவில்லை. அதைப் பழக்க அண்ணாவிமார் இருந்தார்கள். பேராசிரியர் கொடுத்தது வேறு. கிராமத்துப் பிள்ளை தன்னோடு கொண்டுவந்த கூத்து பல்கலைக்கழகத்துக்கு உரிய பொருள்தான் என்ற அங்கீகாரம், ஒரு மேடை, பெரியவர்களின் அறிமுகம், ‘இதை ஆராய்ந்தால் என்ன’ என்ற எண்ணம். மௌனகுரு தடுமாறிக்கொண்டிருந்த மாணவர் அல்லர், ஆட்டத்தில் முன்னால் நின்றவர். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறைப் பேராசிரியரானார். பல பத்தாண்டுகள் கழித்துத் தம் மாணவர்களைக் கொண்டு அதே ‘இராவணேசனை’ மறுபடி வடிவமைத்து மேடையேற்றினார். வழிகாட்டல் பலித்ததா என்று ஒரு வருட இறுதி அறிக்கையில் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, துறைத் தலைவரே இந்த வேலையைப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் கஷ்டம். துறைத் தலைவர் நேர அட்டவணை போடுகிறவர், பதவி உறுதிக்குச் சிபாரிசு எழுதுகிறவர். அவரிடம் போய் ‘எனக்கு இந்தப் பாடம் சரியாக விளங்கவில்லை’ என்று யார் சொல்வார்கள்? பட்ட ஆய்வின் மேற்பார்வையாளருக்கோ அந்த ஓர் ஆய்வுதான் கண்ணில் இருக்கும். அதனால் வழிகாட்டி வேறு துறையில் இருப்பது நல்லது என்பது என் கட்சி. கையொப்பம் இடுகிறவரும் காது கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

வழிகாட்டிக்கு அடுத்து, பயிற்றுநர் என்று இன்னொரு வகை உண்டு. வழிகாட்டி தன் அனுபவத்தைச் சொல்வார், பல வருடம் கூட வருவார். பயிற்றுநருக்குக் குறுகிய காலம், ஒரே இலக்கு, அதிகமும் கேள்விகள்தான். அந்த உரையாடல் எப்படி இருக்கும்? விலங்கியல் படித்த ஒருவர் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பி வந்திருக்கிறார் என்று கற்பனை செய்வோம்.

‘அங்க இருந்த மெஷின் இங்க இல்ல சேர். நான் என்ன செய்யிற?’

‘மெஷின் இல்லாமக் கேக்கக்கூடிய கேள்வி என்ன இருக்கு மகள்?’

‘மாரியில முகத்துவாரம் திறந்தா வாவித் தண்ணிட உப்பு மாறும். அத அளக்கிறதுக்குப் பெரிய சாமான் தேவையில்ல. அதோட மீனும் றாலும் எப்பிடி மாறுதெண்டு பாக்கலாம்.’

‘அதுல இங்க இருக்கிற ஆளுக்கு மட்டும் ஏலுமான வேலை எது?’

‘மாசாமாசம் போய் அளக்கிறது. வெளிநாட்டு ஆள் வந்தா ரெண்டு கிழமையில போயிருவாங்க.’

விடையைச் சொன்னது யார் என்று பாருங்கள். கேட்டவர் கேள்வியை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டார். இல்லாத மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஓரிரு கேள்வியில் வாசலில் கிடந்த வாவியைப் பார்த்துவிட்டார்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் எங்கும் நடக்கவில்லை? மட்டக்களப்பில் அதற்குத் தனிக் காரணம் உண்டு. மற்ற ஊர்ப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மூத்தவர், நடுவயதினர், இளையவர் என்று தலைமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இங்கே உள்நாட்டுப் போர் அதைக் குலைத்தது. 1990இல் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாக இருந்தது. அந்த வருடம் செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. 2006 டிசம்பர் 15ஆம் திகதி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் காணாமற்போனார். இப்படியான இடத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் ஏன் திரும்பவில்லை என்று கேட்பது நியாயமில்லை. விளைவை மட்டும் பார்ப்போம். இளையவருக்கு அடுத்த படியில் நின்று, ‘போன வருஷம் நான் இப்படித்தான் செய்தேன்’ என்று சொல்ல வேண்டிய ஆட்கள் குறைந்துபோனார்கள். அந்த இடத்தை ஒரு கிழமைப் பயிற்சிப் பட்டறையும் சான்றிதழும் நிரப்பாது.

ஆனால் ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் ஊரில் இருக்கிறார்கள். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருப்பவர்கள் திரையில் வந்து பேச இப்போது ஒரு தடையும் இல்லை. இளம் விரிவுரையாளர்களுக்கு ஒரு வார்த்தை: நிர்வாகம் ஒருவரை நியமித்துத் தரும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் துறைக்கு வெளியே நீங்கள் மதிக்கிற ஒருவரிடம் போய், ‘மாதம் அரை மணித்தியாலம் தாருங்கள்’ என்று கேளுங்கள். போகும்போது ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்.