ராஜஸ்தானின் நலவாழ்வு உரிமைச் சட்டம்: செலவு யார் தலையில்?

மருத்துவ சிகிச்சையைச் சட்டப்படியான உரிமையாக்கிய முதல் இந்திய மாநிலம் ராஜஸ்தான். 2023 மார்ச் 21 அன்று அதன் சட்டப்பேரவை நலவாழ்வு உரிமை மசோதாவை நிறைவேற்றியது. அரசு மருத்துவமனைகளில் புறநோயாளி, உள்நோயாளி சிகிச்சை, மருந்து, பரிசோதனை ஆகியவற்றை மாநிலவாசிகள் இலவசமாகப் பெற அது வழிசெய்தது. இவற்றில் பெரும்பகுதி முன்பே திட்டங்களாக நடப்பில் இருந்ததால் இதை யாரும் எதிர்க்கவில்லை. சண்டை மூண்டது வேறொரு பிரிவில்தான். அவசர நிலையில் வருபவரிடம் முன்பணம் கேட்காமலும், போலீஸ் அறிக்கைக்குக் காத்திருக்காமலும் தனியார் மருத்துவமனைகளும் சிகிச்சை அளிக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு.

இந்தக் கடமை புதிதல்ல. விபத்தில் சிக்கிய ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரைச் சேர்க்க மறுத்த மருத்துவமனை, மருத்துவ-சட்ட வழக்குகளைக் கையாளும் வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பியது. வழியிலேயே அவர் இறந்தார். அதையொட்டி எழுந்த பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், அரசுப் பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயிரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையே இதற்கு அடிப்படை. ஆனால் அந்தச் சிகிச்சைக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நாடு முழுவதற்குமான விடை அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேலாகியும், 2023-இல்கூட உருவாகியிருக்கவில்லை.

ராஜஸ்தான் இந்தச் சட்டத்துக்குப் படிப்படியாகத்தான் வந்தது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மொத்தக் கொள்முதல் முறையைப் பின்பற்றி அங்கும் ஒரு கழகம் அமைந்தது. 2011 அக்டோபர் 2 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து கிடைத்தது. 2021-இல் சிரஞ்சீவி காப்பீட்டுத் திட்டம் வந்தது. மக்கள் நலவாழ்வு இயக்கங்கள் இத்துடன் மனநிறைவு அடையவில்லை. திட்டத்தை அடுத்து வரும் அரசு நிறுத்திவிடலாம், சட்டப்படியான உரிமையை அப்படிப் பறிக்க முடியாது என்பது அவற்றின் வாதம். அப்போதைய முதல்வர் அசோக் கெலாட்டின் அரசு 2022 செப்டம்பரில் மசோதாவைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு வரவே அது பேரவையின் தேர்வுக் குழுவுக்குப் போனது.

மருத்துவர்களின் எதிர்ப்பை வெறும் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. நோயாளி கட்டணம் செலுத்தாவிட்டால் அரசு ஈடுசெய்யும் என்றது சட்டம். எந்த விகிதத்தில், எத்தனை நாளில், எந்த நிதியிலிருந்து என்பதை அது சொல்லவில்லை. காப்பீட்டுத் திட்டத் தொகைகள் தாமதமாக வருகின்றன, அவையும் குறைவு என்று ஏற்கெனவே குமுறிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வாக்குறுதியில் நம்பிக்கை பிறக்கவில்லை. புகார்களை விசாரிக்கும் அமைப்புகளில் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் இடம்பெறுவார்கள் என்ற அச்சமும் இருந்தது. அந்த ஏற்பாட்டை அரசு பின்னர் மாற்றியபோதும் மசோதாவையே திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கை தணியவில்லை. தனியார் மருத்துவமனைகள் இரண்டு வாரங்களுக்கு மேல் கதவடைத்தன. அரசு மருத்துவமனைப் பயிற்சி மருத்துவர்களும் அவர்களுக்கு ஆதரவாகப் பணியைப் புறக்கணித்தார்கள். அவசர சிகிச்சைக்கான சட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் அதிகம் அல்லாடியவர்கள் நோயாளிகளே.

ஏப்ரல் 4 அன்று எட்டு அம்ச உடன்பாடு ஏற்பட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு கிடைத்தது. தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், அரசுடன் கூட்டாக நடப்பவை, அரசிடம் சலுகை விலையில் நிலமோ கட்டடமோ பெற்றவை போன்றவை மட்டுமே சட்டத்துக்குள் நின்றன. பொதுச் சொத்தில் பங்கு பெற்றவர்கள் பொதுக் கடமையையும் ஏற்க வேண்டும் என்பது நியாயமான அளவுகோல்தான். படுக்கை எண்ணிக்கையை வைத்துத் தரப்பட்ட விலக்கோ சட்டத்தின் நோக்கத்தையே பலவீனமாக்கியது. பாம்புக் கடியும் சாலை விபத்தும் பெரிய மருத்துவமனையின் வாசலில் நடப்பதில்லை. பாலைவன மாவட்டங்கள் நிறைந்த ஒரு மாநிலத்தில், கிராமத்திலிருந்து கொண்டுவரப்படுபவர் முதலில் சென்று சேரக்கூடிய இடம் சிறுநகரத்து நர்சிங் ஹோம். முதலுதவி தந்து, உடல்நிலையைச் சீராக்கி, மேல் சிகிச்சைக்கு அனுப்பும் அளவுக்கேனும் அதற்குக் கடமை இருந்திருக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை அரசு முன்கூட்டியே நிர்ணயித்திருக்க வேண்டும்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்குபவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. தொடக்கத்தில் இதன் உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பது முன்பே தெரியும். சாலை விபத்துக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதும், இது உரிமையாக அல்லாமல் திட்டமாகவே இருக்கிறது என்பதும் குறைகள். ஆனால் ராஜஸ்தான் சட்டம் தொடாமல் விட்ட இடத்துக்கு இதில் விடை இருக்கிறது.

இந்தத் தகராறின் வேர் ராஜஸ்தானோடு நின்றுவிடுவதல்ல. பொது சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்றது 2017-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை. தேசிய நலவாழ்வுக் கணக்குகளின்படி 2021-22-இல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிட்டது 1.84 சதவீதம். அதே ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் நேரடியாகத் தங்கள் கைக்காசிலிருந்து கொடுத்தார்கள். அரசின் பங்கு போதாத நிலையில், உரிமையின் செலவைத் தனியார் மருத்துவமனை சுமப்பதா நோயாளி சுமப்பதா என்றே விவாதம் சுற்றிவருகிறது.

ஆளுநரின் ஒப்புதலோடு சட்டம் 2023 ஏப்ரலில் முழுமை பெற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆட்சி மாறியது. சிரஞ்சீவித் திட்டம் வேறு பெயரில் தொடர்ந்தது. நலவாழ்வு உரிமைச் சட்டத்தைச் செயல்படுத்துவதற்கான விதிகளைப் புதிய அரசு தன் முதல் ஆண்டில் வெளியிடவில்லை. விதிகள் வராதவரை, அவசர சிகிச்சை தந்த மருத்துவமனை யாரிடம், எப்படித் தொகை கோருவது என்பதற்கும், சிகிச்சை மறுக்கப்பட்டவர் எங்கே புகார் செய்வது என்பதற்கும் நடைமுறை இல்லை.