305 ஜிகாபைட்டுக்கு ஒரு செக்ரோல்

நாள் முழுக்க மலையில் நின்றாலும் செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் பேர் விழாவிட்டால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. ஊவாத் தோட்டங்களில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் இன்று எடுக்கும் வீடியோவுக்கும் இதே சட்டம்தான். பேர் எழுதாத காட்சி, எடுக்காத காட்சி.

ஓர் இரவுக் காமன் கூத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். மதனும் ரதியும் ஆட, தப்பு முழங்க, விடியும்வரை கமரா ஓடுகிறது. ஒரு மணிநேரப் பதிவு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அறிய வழி எளிது. விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று கமராவில் காட்டும் எண்ணை 8ஆல் வகுத்து 3,600ஆல் பெருக்கினால் மெகாபைட் வந்துவிடும். 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி.

வரவு: ஓர் இரவு

- முதல் கமரா, 4கே, 100 மெகாபிட், 5 மணிநேரம்: 225 ஜிபி
- இரண்டாம் கமரா, 1080, 50 மெகாபிட், 3 மணிநேரம்: 67.5 ஜிபி
- கைபேசி, 1080, 17 மெகாபிட், 1 மணிநேரம்: 7.7 ஜிபி
- ஒலிப்பதிவுக் கருவி, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, 5 மணிநேரம்: 5.2 ஜிபி
- மொத்தம்: சுமார் 305 ஜிபி

இதிலிருந்து 24 நிமிடப் படம் ஒன்று வருகிறது என்று கொள்வோம். 9 மணிநேரக் காட்சி 540 நிமிடம், 22.5 நிமிடத்துக்கு 1 நிமிடம் தேறுகிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போதும். வீடியோவில் கழிவு அதைவிடப் பல மடங்கு. அதனால்தான் தரம் பிரிப்பதில் கவனம் வேண்டும்.

செலவு: நேரம்

ஒரு காட்சி சராசரி 5 விநாடி என்றால் 24 நிமிடத்துக்கு 288 காட்சி. பேர் போடாத கோப்புகளுக்குள் ஒவ்வொன்றையும் தேட 2 நிமிடம் பிடித்தால் 9 மணி 36 நிமிடம் போகும். பேர் போட்டிருந்தால் ஒன்றுக்கு 10 விநாடி, மொத்தம் 48 நிமிடம். 180 கோப்பு இருந்தால், தலா 20 விநாடி செலவழித்துப் பேர் எழுத ஒரு மணிநேரம். கழித்துப் பார்த்தால் மிச்சம் 7 மணி 48 நிமிடம். தோட்டக் கணக்கில் ஏறக்குறைய ஒரு முழுப் பேர், அதாவது ஒரு நாள் வேலை.

இழப்பு எங்கே நேர்கிறது

சில கமராக்கள் கார்டை ஃபார்மட் செய்ததும் 0001இலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். முதல் கார்டிலும் 0001, இரண்டாம் கார்டிலும் 0001. இரண்டையும் ஒரே போல்டரில் கொட்டும்போது, பழையதை மாற்றவா என்று கணினி கேட்கும். தூக்கக் கண்ணோடு ஆம் என்று அழுத்தினால் ரதியின் ஒப்பாரி போய்விடும். வீரபத்திரன் மட்டும் மிஞ்சுவான். ஆகவே கார்டுக்கு ஒரு போல்டர்.

எடிட்டிங் மென்பொருளின் புராஜெக்ட் கோப்பில் பொதுவாக வீடியோ இருக்காது; வீடியோ எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். போல்டரை இடம் மாற்றினாலோ, விண்டோஸ் கணினியில் ஹார்ட் டிஸ்கின் எழுத்து மாறினாலோ அந்த முகவரி தவறிவிடும். திரையில் சிவப்புப் பலகை வரும். எனவே முதல் நாளே ஆறு போல்டர் போட்டுக்கொள்ளுங்கள்: மூலம், ஒலி, ப்ராக்ஸி, புராஜெக்ட், இசையும் படங்களும், முடிந்த படம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னே எழுதினால் கோப்புகள் தாமாகவே வரிசைப்படும்.

பழைய கணினி 4கே காட்சியில் திணறும். 9 மணிநேரத்துக்கும் 10 மெகாபிட்டில் ப்ராக்ஸி எனும் சிறிய நகல் போட்டால் 40.5 ஜிபி. மூலத்தைத் தொடாமல் அதை வைத்தே வெட்டி ஒட்டலாம்.

காப்பு

மூன்று பிரதி வேண்டும்: 915 ஜிபி. விநாடிக்கு 100 மெகாபைட் ஓடும் டிஸ்கில் ஒரு பிரதி எடுக்க 51 நிமிடம். பழைய யூஎஸ்பி 2 துளையில் 30 மெகாபைட்தான்; 2 மணி 49 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

மூன்றையும் ஒரே வீட்டில் வைத்தால் அது ஒரு பிரதிதான். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிர்கள் போயின, குடும்பப் படங்களும் பத்திரங்களும் போயின. ஊவாவில் இருக்கும் எவரும் இதை மறந்து ஹார்ட் டிஸ்கை அலுமாரியில் பூட்டக்கூடாது. ஒரு பிரதியாவது மலைக்கு வெளியே இருக்கட்டும். 5 மெகாபிட் இணையத்தில் 305 ஜிபி ஏற்ற ஐந்தரை நாளுக்கு மேல் ஆகும். கொழும்புக்குப் போகும் சொந்தக்காரர் கையில் டிஸ்கைக் கொடுத்தனுப்பினால் ஓர் இரவு.

பேரோடு வந்த பதிவுக்கே ஆவணக் காப்பகத்திலும் மதிப்பு. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஒரு பதிவைக் கொடுக்கும்போது தோட்டம், டிவிஷன், தேதி, ஆடியவர், தப்படித்தவர் ஆகிய ஐந்தும் எழுதியிருக்க வேண்டும். அவற்றைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்று இருக்கிறார்கள்.

முன்னோர் வந்த 1823இலிருந்து எண்ணினால் மலையகத்துக்கு 200 ஆண்டு கடந்துவிட்டது. நம் பாட்டன் பாட்டிகளின் பேர்களைக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் எழுதினார்கள், சம்பளத்துக்காக. இந்தக் கோப்புகளில் பேரை நாமே எழுத வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு மணிநேரம். கார்டை அழிக்கும் முன் அதைச் செய்துவிடுங்கள்.