மழைக்காட்சி வந்ததும் வீடியோ ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது?

செய்தி வாசிப்பவர் முகம் பளிச்சென்று தெரிகிறது. அதே வீடியோவில் மழை கொட்டினால் படம் சதுரம் சதுரமாகச் சிதறுகிறது. ஏன்?

சுருக்கும் மென்பொருள் எல்லா பிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்தவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. வாசிப்பவரிடம் உதடும் கண்ணும்தான் அசைகின்றன. மழையிலோ ஒவ்வொரு துளியும் இடம் மாறுகிறது! அத்தனையையும் குறிக்க நிறைய டேட்டா வேண்டும்.

நிலையான பிட்ரேட், அதாவது ஒவ்வொரு நொடிக்கும் ஒரே அளவு டேட்டா என்பது, விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் தினமும் ஒரே அளவு அரிசியை உலையில் போடுவது. ஒருநாள் மிஞ்சும், ஒருநாள் பற்றாது. பற்றாத இடத்தில்தான் அந்தக் கட்டங்கள்.

எப்படித் தப்பிப்பது? எக்ஸ்போர்ட் செய்யும்போது 'சிஆர்எஃப்' முறையைத் தேர்ந்தெடுங்கள். அது ஆட்களை எண்ணி அரிசி போடும். எக்ஸ்264 என்கோடரில் சிஆர்எஃப்-இன் இயல்பு எண் 23. எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெரிதாகும்.

முதலில், அசைவு அதிகமுள்ள பத்து நொடியை மட்டும் சிஆர்எஃப் 20-இல் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அது தேறினால் மற்றதெல்லாம் தேறும்.