வயிறு இறுகினால் முதலில் குசினியைப் பாருங்கள்

காய்ச்சல் என்றால் அயல் முழுக்கச் சொல்வோம். நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதைக் கூடப்பிறந்தவரிடமும் சொல்லமாட்டோம். இந்தக் கூச்சத்தால் யாழ்ப்பாணத்தில் மலச்சிக்கல் பெரும்பாலும் மருந்துக்கடையில் தாழ்ந்த குரலில் ஒரு குளிசை கேட்பதோடு அடங்கிவிடுகிறது. காரணம் சாப்பாட்டிலா, தண்ணீரிலா, வேறு நோய்க்கு எடுக்கும் மருந்திலா என்று யாரும் தேடுவதில்லை.

தினமும் போயே ஆகவேண்டும் என்பதில்லை. கிழமைக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போவதும், முக்கி முக்கிப் போவதும், கட்டிகட்டியாகப் போவதும், போனபின்னும் வயிறு வெறுமையாகாத உணர்வும்தான் மலச்சிக்கல். பெருங்குடல் கழிவிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கழிவு அங்கே தங்கத் தங்க இறுகும். நார்ச்சத்து நீரைப் பிடித்துவைத்துக் கழிவை இளக்குகிறது, அதன் பருமனைக் கூட்டிக் குடலை அசைய வைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும். 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு 15 கிராம், 6 முதல் 9 வரை 21 கிராம். காலையில் கால் றாத்தல் வெள்ளைப் பாணும் சம்பலும், மத்தியானம் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, இரவு கோதுமை மாப் புட்டு என்று நாள் கழிந்தால் இந்தக் கணக்கு எப்படி நிரம்பும்? அந்தக் கால் றாத்தல் பாணில் மூன்று கிராமளவுதான் இருக்கிறது. அதே நிறை குரக்கன் மாவில் பத்துக் கிராமுக்கு மேல் உண்டு.

அதனால் நீத்துப்பெட்டியை விடவேண்டாம், உள்ளே போகும் மாவை மாற்றுங்கள். குரக்கன் மாவோ, தவிடு நீங்காத சிவப்பரிசி மாவோ எடுத்து, அதில் ஒரு கைப்பிடி முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அவித்தால் புட்டு உதிரியாகவே வரும். பக்கத்தில் பயிற்றங்காய்க் கறியோ, பருப்போ, வல்லாரைச் சம்பலோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒடியற்கூழைத் திருவிழாச் சாப்பாடுபோல ஆண்டுக்கு ஒருமுறை காய்ச்சுவது எனக்குப் பெரிய மனவருத்தம். காறல் போக மாவை ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டு இறக்கும் அந்தப் பானையில் நார்ச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. இலைக்கஞ்சியும் நல்லதுதான். ஆனால் இலையை இடித்துச் சாற்றை மட்டும் வடித்துவிட்டுச் சக்கையை எறிந்தால் நாரின் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும்.

பழத்துக்குத் திருநெல்வேலிச் சந்தையும் சுன்னாகச் சந்தையும் இருக்கின்றன. கொய்யாவைத் தோலோடும் விதையோடும் தின்னுங்கள். பப்பாசியும் நன்றாகப் பழுத்த வாழைப்பழமும் உதவும். எதையும் ஒரே நாளில் கூட்டவேண்டாம். நார் திடீரென்று ஏறினால் வயிறு ஊதும், தண்ணீர் போதாவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். சிறுநீரக நோயாளரும், நீர் குறைத்துக் குடிக்கும்படி சொல்லப்பட்ட இருதய நோயாளரும் வைத்தியரைக் கேட்டபின் மாற்றுவதே பாதுகாப்பு.

தண்ணீரைக் கூடக் குடியுங்கள் என்று வலிகாமத்தில் சொல்வது லேசான காரியமல்ல. சுண்ணாம்புக்கல்லின் மேல் வாழும் நமக்குக் கிணறுதான் கதி. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாய் செலுத்த மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. சுத்தமான தண்ணீருக்காக நீதிமன்றப் படியேறலாம் என்பதை நம் ஊரே நிரூபித்திருக்கிறது. தோட்டங்களுக்கு இடும் உரத்தால் சேரும் நைத்திரேற்று வேறொரு கவலை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், அந்த நீரில் பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்கவைத்தாலும் அது போகாது. கிணற்றில் சந்தேகமிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் பரிசோதனைக்குக் கொடுங்கள். பயத்தில் தண்ணீரைக் குறைத்து, சீனித் தேத்தண்ணியும் சோடாவும் குடித்து நாளைக் கடத்துவது தீர்வல்ல.

அடக்குவதும் ஒரு காரணம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானே அசையும், அதுதான் போகவேண்டிய நேரம். பள்ளிக்கூடக் கழிப்பறை துப்புரவில்லை என்று மத்தியானம்வரை அடக்கும் பிள்ளைக்கு மலம் இறுகி, பிறகு நீர்ப்பதமாக உள்ளாடையில் கசியத் தொடங்கும். அதைக் குழப்படி என்று அடிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவை வைத்தியம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள். கடையிலும் தொழிற்சாலையிலும் நிற்கும் பெண்களுக்கும் இதே கதைதான். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் முதலாளி கழிப்பறை வசதி செய்துதர வேண்டும் என்கின்றன. இல்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

இனி மருந்து. ‘முழுக்க மூலிகை’ என்று பொட்டலத்தில் வரும் பேதித் தூளில் பெரும்பாலும் நிலாவாரை இருக்கும். அது குடலை உசுப்பும் மருந்து, நாளாந்தச் சாப்பாடல்ல. சேர்மானமும் தயாரித்தவர் விலாசமும் இல்லாத தூளை வாங்கவேண்டாம். சித்த வைத்தியம் விரும்பினால் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற வைத்தியரிடம் போங்கள். பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது. கர்ப்பிணிகள் ஆமணக்கெண்ணெய் குடிக்கவே கூடாது. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையால் வயிறு இறுகினால் அதை இரகசியமாக நிறுத்தாமல் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், வழியிருக்கிறது. சில வலி மருந்துகளும் தைரொயிட் குறைபாடும் நீரிழிவும்கூட இதைக் கொண்டுவரும்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிதல், இரத்தச்சோகை, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறிய போக்கு ஆகியவை தெரிந்தால் குரக்கன் புட்டை நம்பிக் காத்திருக்கக்கூடாது. இரத்தம் என்றால் மூலவியாதி என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். பெருங்குடல் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கலாம். வயிறு வீங்கி, சத்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரி. யாழ் போதனா வைத்தியசாலையிலும் மற்ற அரச வைத்தியசாலைகளிலும் சிகிச்சை இலவசம். எத்தனை நாளாக, எப்படிப் போகிறது, என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்பதைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் யாருக்காவது குடலில் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.