மனோதத்துவம் பயில்வோர் கவனத்திற்கு

நம் கலாசாலைகளில் மனோதத்துவ சாஸ்திரம் பயிலப் புகும் மாணாக்கர் பலர், முதல் வருஷத்திலேயே மனநோயாளருக்குச் சிகிச்சை புரிவதென்று தீர்மானித்து விடுகின்றனர். எண்ணம் உயர்ந்ததே, ஆனால் அவசரமானது. 1879-ல் ஜெர்மனியிலே லைப்ஸிக் நகரில் வூண்ட் என்பார் இச்சாஸ்திரத்திற்கென ஆய்வுக்கூடம் அமைத்தபோது அங்கு ஆராயப்பட்டவை நோய்களல்ல. புலனுணர்ச்சியும், ஒலி கேட்டுக் கை அசைய ஆகும் நேரமும் போன்றவையே. இன்றும் பரிசோதனையையும் புள்ளிவிவரக் கணக்கையும் கண்டு அஞ்சுபவர் எக்கிளைக்கும் உதவார். குழந்தை வளர்ச்சி, கல்வி, தொழிற்சாலை, சமூகம் என்று கிளைகள் பல இருப்பதை அறிந்த பின்னன்றோ தேர்வு?

சட்டமும் ஒன்றுண்டு. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒருவர் சிகிச்சைத் துறை மனோதத்துவ நிபுணராகக் கொள்ளப்பட, இந்திய மறுவாழ்வுக் கவுன்ஸில் அங்கீகரித்த உயர்படிப்பு வேண்டும். பி.ஏ. பட்டம் மாத்திரம் போதாது. இதைச் சேரும்போதே கூறாத கலாசாலைகள் பிள்ளைகளைப் பின்னர் திகைக்க விடுகின்றன. சிலரோ திகைப்பதோடு நில்லாமல் வாசலில் பலகையும் மாட்டி விடுகின்றனர்! அப்பலகையை நம்பி ஏறி வருபவன், பல இரவு உறக்கமிழந்து, உயிரையே வெறுத்தவனாக இருக்கலாம். சேர்க்கைப் பத்திரத்தின் முதற் பக்கத்திலேயே இவ்விஷயத்தை அச்சிடக் கலாசாலை அதிகாரிகளுக்கு என்ன தடை?