பேய் நகைச்சுவை நாடகத்தின் அரங்க அமைப்பு: ‘பிளைத் ஸ்பிரிட்’ நாடகத்தை முன்வைத்து

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கையும், நகையின் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் சுட்டுகிறது. அணங்கு தரும் அச்சமும் பேதைமை தரும் நகையும் ஒரே மேடையில் ஒருசேர நிகழ வேண்டுமாயின் அம்மேடை எவ்வாறு அமைய வேண்டும்? நோயல் கோவர்டின் ‘பிளைத் ஸ்பிரிட்’ (1941) என்னும் ஆங்கில நாடகத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கிறது.

எழுத்தாளர் சார்லஸ் தம் நாவலுக்குச் செய்தி திரட்டும் நோக்கில், ஆவிகளோடு பேசுபவராகிய மேடம் அர்க்காட்டியை வீட்டிற்கு அழைக்கிறார். அன்றிரவு சார்லஸின் இறந்துபோன முதல் மனைவி எல்வைரா ஆவியாக வந்துசேர்கிறாள். அவள் சார்லஸின் கண்ணுக்குத் தெரிகிறாள். இரண்டாம் மனைவி ரூத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவையோர் அவளைக் காண்கின்றனர்.

இயல்பான இல்லம்

நாடகம் முழுவதும் கென்ட் பகுதியிலுள்ள ஒரு வீட்டின் வரவேற்பறையிலேயே நிகழ்கிறது. ஒட்டடை, விரிசல் விட்ட சுவர், மங்கிய ஒளி ஆகியவற்றால் அவ்வறையை நிரப்பத் தோன்றுவது இயல்பே. ஆனால் பாழ்மனையில் பேய் வருவது எதிர்பார்க்கத்தக்கது. எதிர்பார்த்தது நிகழும்போது நகை பிறப்பதில்லை. தூய்மையும் ஒழுங்கும் உடைய அறையில், தோட்டத்திற்குத் திறக்கும் கண்ணாடிக் கதவு வழியே இறந்தவள் இயல்பாக நடந்து வரும்போதே அச்சமும் நகையும் சேர்ந்து எழுகின்றன. எல்வைரா சாம்பல்நிறத் தோற்றத்தில் வருபவள். ஆகவே சுவரும் திரைச்சீலையும் வெதுவெதுப்பான நிறங்களில் அமைதல் நலம். சுவரும் சாம்பல் நிறமாயின் ஆவியுரு அதனுள் கரைந்துவிடும்.

இருக்கைகளும் பார்வைக் கோடும்

எல்வைராவை நோக்கிச் சார்லஸ் கூறும் கடுஞ்சொல்லைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு ரூத் வெகுள்கிறாள். இங்கு நகைக்குக் காரணம் ரூத்தின் அறியாமை. அது அவையோருக்குப் புலப்படுவது இருக்கைகளின் அமைப்பால். சார்லஸ், எல்வைரா, ரூத் மூவரும் ஏறத்தாழ ஒரே பார்வைக் கோட்டில் இருந்தால்தான் ரூத்தின் மயக்கம் நம்பத்தக்கதாகும். எனவே நீள்இருக்கையின் பின்புறத்தில் எல்வைரா தடையின்றி நடமாட இடம் விடப்பட வேண்டும். அந்த இடைவெளி இல்லையேல் உரையாடலின் நகைச்சுவையே சிதையும்.

பொருள் நடிகராதல்

தன் இருப்பை ரூத்துக்கு உணர்த்த எல்வைரா பூக்கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். ரூத்துக்கு அது காற்றில் மிதக்கும் கிண்ணம். அவையோருக்கு ஒரு பெண்ணின் கையிலுள்ள கிண்ணம். இங்கு நூலோ கம்பியோ தேவையில்லை. ரூத்தின் பார்வையே அதைப் பேய்ச்செயலாக்குகிறது.

இறுதிக் காட்சியில் இந்நிலை தலைகீழாகிறது. அதற்குள் ரூத்தும் இறந்து ஆவியாகிவிடுகிறாள். இரு மனைவியரும் எவர் கண்ணுக்கும் தெரியாத நிலையில், சார்லஸ் அவர்களிடம் விடைபெறும்போது அறையிலுள்ள பொருள்கள் விழுந்து நொறுங்கத் தொடங்குகின்றன. நடிகையர் மேடையில் இல்லாத அவ்விடத்தில் அரங்கமே அவர்களுக்காக நடிக்கிறது. சுவர்ப்பலகையில் இட்ட சிறு துளை வழியே பின்னாலிருந்து கோலால் தள்ளினால் குவளை விழும். படம் தொங்கும் ஆணியைப் பின்புறமிருந்து உருவினால் படம் விழும். சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிதல், ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் சிரிப்பு அடங்க இடைவெளி விடுதல், சார்லஸ் நடக்கும் வழியில் எதுவும் விழாதவாறு காத்தல் ஆகியவை ஒத்திகையிலேயே உறுதிசெய்யப்பட வேண்டியவை. அதுவரை அரங்கம் உறுதியாக நிற்பதும் இன்றியமையாதது. முதல் அங்கத்தில் கதவை அடைக்கும்போதே சுவர் ஆடினால், இறுதியில் வீடு குலைவதற்குப் பொருளிராது.

இந்நாடகம் இலண்டன் பிக்கடில்லி அரங்கில் 1941 ஜூலையில் மேடையேறியது. அவ்வாண்டு மே வரை அந்நகரின் வீடுகள் குண்டுவீச்சில் இடிந்துகொண்டிருந்தன. வீடு குலைவதை அன்றாடம் கண்டவர்கள், மேடையில் ஒரு வீடு குலைவதைக் கண்டு சிரித்தனர். அழிவைச் சிரிப்பாக்கும் இம்மாற்றத்தில் உரையாடலுக்கு உள்ள பங்கு அரங்கப் பொருள்களுக்கும் உண்டு.

முடிவுரை

பேய் நகைச்சுவை நாடகத்தின் அரங்கம் அச்சத்தை முன்கூட்டியே அறிவிப்பதன்று; ஒழுங்கைக் காட்டி நிறுத்தி, உரிய பொழுதில் அதைக் குலைய விடுவது. பூக்கிண்ணமும் குவளையும் நாடகப் பனுவலில் அரங்கக் குறிப்புகளாகவே இடம்பெறுகின்றன. நாடகத்தை உரையாடல் இலக்கியமாக மட்டும் கற்கும்போது நாம் கடந்துசெல்வது அக்குறிப்புகளையே. அவற்றை நீக்கிப் படிப்பின், இந்நாடகத்தின் இறுதிக் காட்சியில் சார்லஸ் வெற்றறையோடு பேசுபவராகவே எஞ்சுவார். எனவே அரங்கக் குறிப்புகளையும் பனுவலின் உறுப்பாகக் கொண்டு ஆராய்தல் நாடக ஆய்வின் கடமையாகும்.