கரைச் சேற்றில் வட்டக் குழிகள்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் பஞ்சப்பள்ளி சின்னாறு அணைக்குப் போயிருக்கிறீர்களா? கோடையில் தண்ணீர் வடிந்த சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரிந்தால் உற்றுப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். மாடு மிதித்த தடம் இல்லை அது. ஜிலேபி மீன் மண்ணை வாயால் கவ்விக் கவ்வித் துப்பித் தோண்டிய குழி.

தோண்டுவது ஆண். பெண் வந்து அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் அங்கேயே வைத்திருக்கும். அதுவரை அம்மாவுக்கு அநேகமாகப் பட்டினிதான்! ஆணோ குழியை விட்டு நகராது. கிட்ட வருவதையெல்லாம் விரட்டும். புழுவோடு இறங்கும் தூண்டில் முள்ளைக்கூடச் சில சமயம் அந்தக் கோபத்தில்தான் கவ்வுகிறது.

ஆழம் கிடக்க, கரையோரம் ஏன் வருகிறது? ஆழமில்லாத இடத்தில் வெயில் அடிமண் வரை எட்டும். அங்கே பாசி வளரும், பாசியைத் தேடிப் பூச்சிகள் வரும். கோரைக்குள் புகுந்துகொண்டால் பெரிய விராலுக்கும் தப்பலாம். இன்னொன்று, மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். மார்கழிக் குளிரில் விடியற்காலையிலேயே போய்க் காத்திருப்பது வீண். வெயில் ஏறிக் கரைத் தண்ணீர் வெதுவெதுப்பானதும் ஜிலேபி வரும். சித்திரையில் நேர்மாறு. உச்சி வெயிலில் ஆழத்துக்குப் போய்விடும், காலையிலும் மாலையிலும்தான் கரைக்கு வரும்.

தூண்டில்காரர்கள் கரையில் குந்தியே இருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? கால் வலிக்காக மட்டும் இல்லை. தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைவதால், மீனுக்கு மேலுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். சுமார் 97 பாகை அகலமுள்ள கூம்பு வழியாகப் பார்ப்பது அது. நிமிர்ந்து நிற்பவர் அந்த வட்டத்துக்குள் நன்றாகத் தெரிவார். குந்தியவர் அதன் விளிம்பில் நசுங்கி, மங்கலாகத்தான் தெரிவார். ஓசைப்படாமல் நடப்பதும் முக்கியம். மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடு என்ற உணர் உறுப்பு, தண்ணீரில் எழும் சிறு அதிர்வையும் பிடித்துவிடும்.

அதே வளைவு நம்மையும் ஏமாற்றும். நேர் கீழே 4 அடி ஆழத்தில் நிற்கும் மீன், 3 அடியில் நிற்பதுபோலத் தெரியும். ஆகவே கண் சொல்லும் அளவைவிடச் சற்றுக் கீழே முள் தொங்கும்படி தக்கையை நரம்பில் மேலே நகர்த்திக் கட்ட வேண்டும்.

பெரியவர் யாராவது கூட இருக்கட்டும். மீன்பிடிக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்த ஜிலேபியை மட்டும் வேறு குளத்திலோ கிணற்றிலோ விடாதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். குஞ்சுகளை வாயிலேயே காப்பாற்றுவதால் வேகமாகப் பெருகி, நம் கெண்டைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது.